மூச்சு விடும் பெடல்

நான் இதுவரை எந்தக் காரையும் ஓட்டியதில்லை. நின்ற இடத்திலிருந்து நாலடி பின்னால் எடுத்ததுகூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் கோயம்புத்தூரின் கார் பைத்தியங்களுக்கு நடுவே பதினான்கு வருடமாக நான்தான் பெரிய ஓட்டுநர்.

பெயர் அறவாழி. வயது நாற்பத்தாறு. கார் வாங்குபவர்களுக்கு வண்டியோடு தரும் கையேடுகளைத் தமிழாக்குவது தொழில். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூட வராந்தாவில் முதல் வலிப்பு வந்தது. அதன்பிறகு மாத்திரைகள் மாறின, மருத்துவர்கள் மாறினார்கள், வலிப்பு மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. எனக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. கொடுக்கவும் கூடாது. அதில் எனக்கு யார்மேலும் கோபமில்லை. ஆனால் ஆசை கோபத்தைவிட மோசமானது, அது ஆறுவதே இல்லை.

இப்போது ஊரில் முக்கால்வாசிக் கார்கள் தாமாகவே ஓடுகின்றன. உரிமம் எடுக்க இருபது வயதுப் பிள்ளைகளுக்கே சோம்பல். "இனி உனக்கென்ன குறை, ஏறி உட்கார்ந்தால் தானாகப் போகிறது" என்று என் அக்கா சொன்னாள். ஓட்டாமல் இருப்பதும் ஓட்டக்கூடாது என்பதும் ஒன்றல்ல என்று அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது? நானும் சிரித்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

நான் பொய்யனான கதை இதுதான். 'நாலாம் கியர்' என்று ஒரு இணையக் குழு இருக்கிறது. தொடங்கியவர் நஞ்சப்பண்ணன், கணபதியில் கியர் வெட்டும் பட்டறை வைத்திருந்தவர். பத்திரிகையில் வந்ததை அப்படியே எடுத்துப் போட்டு மேதாவித்தனம் காட்டும் ஆட்களைப் பார்த்து வெறுத்துப்போய், குழுவுக்கு ஒரே ஒரு சட்டம் வைத்தார்: தன் கையில் பட்டது, தன் காலில் பட்டது மட்டுமே எழுத வேண்டும். 'படித்தேன்', 'கேள்விப்பட்டேன்' என்று எழுதினால் அன்றே வெளியே. நான் படித்தது ஆயிரம் கையேடு, காலில் பட்டது பூஜ்யம். உள்ளே போக எனக்கு ஒரு வழிதான் இருந்தது. வட ஸ்வீடனில் உறைந்த ஏரியின்மேல் கார்களை ஓட்டிச் சோதிக்கும் வேலையில் நாலு வருடம் இருந்ததாகவும், கணுக்காலில் அடிபட்டுத் திரும்பியதாகவும் எழுதினேன். எனக்கு ஊட்டிக் குளிரே ஆகாது.

சேர்ந்த முதல் வருடம் ஒரு மழை மதியத்தில் எழுதிய பதிவுதான் எல்லாவற்றுக்கும் காரணம். 'முழு வேகத்தில் பிரேக்கை மிதிக்கும்போது, டயர் பிடி விடுவதற்குச் சற்று முன்னால் பெடல் ஒரு கணம் இளகும். இரண்டு தீக்குச்சிக் கனம்தான் இருக்கும். வண்டி மூச்சு விடும். அந்த மூச்சைக் கேட்கத் தெரிந்தால் போதும்' என்று எழுதியிருந்தேன். எங்கிருந்து அது வந்தது என்று எனக்கே தெரியாது. எழுதி முடித்தபோது கண் கலங்கியிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

நானூற்றுப் பன்னிரண்டு பேர் பதில் எழுதினார்கள். முதல் பதில் நஞ்சப்பண்ணன்: 'உண்மை. என் பழைய வண்டியில் உணர்ந்திருக்கிறேன்.' அடுத்து ரெஜினா: 'திம்பம் மலைப்பாதையின் பதினேழாம் வளைவில் எனக்கும்.' ரெஜினா சிங்காநல்லூரில் டயர் கடை வைத்திருப்பவள், மலைப்பாதைப் பந்தயங்களில் பதினொரு வருடம் நிஜமாகவே ஓட்டியவள். அவளே சொன்ன பிறகு, ஒருவேளை உலகத்தில் அப்படி ஒன்று உண்டுதான் போல என்று நானும் நம்ப ஆரம்பித்தேன்.

ஞாயிறு காலை ஏழரைக்கு நாங்கள் மூவரும் சித்தாபுதூரில் ஒரு மெஸ்ஸில் கூடுவோம். அந்த ஞாயிறு பேச்செல்லாம் 'வல்லூறு' பற்றி. மேகமலை மோட்டார்ஸ் என்ற புதிய நிறுவனம் முந்தின நாள்தான் அந்த சூப்பர் காரை உலகத்துக்குக் காட்டியிருந்தது. மனிதன் ஓட்டுவதற்கென்றே செய்த கார், தானாக ஓடவே ஓடாது.

"உடம்பு மொத்தமும் கார்பன் ஃபைபருங்க. நம்மூரு பழைய தறிய மாத்தியமைச்சு நெய்ஞ்சிருக்காங்க," என்றார் நஞ்சப்பண்ணன், தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகையைப் பிசைந்தபடி. "ஆயிரத்து நாப்பது கிலோதான். எல்லாஞ் சரி. கியரு எங்கீங்க? சக்கரத்துக்கொரு மோட்டாரு வெச்சுட்டா ஆச்சா? லிப்ட்டுல ஏறி நின்னாலும் இதே சொகந்தானுங்களே."

"லிப்ட்டு வளைவுல திரும்புமாண்ணா?" என்றாள் ரெஜினா. "பின்னாடி றெக்கைய பாத்தீங்களா? பிரேக்க மிதிச்சதும் நட்டுக்கா நிமிருது. காத்தே பாதி பிரேக்கு போட்டுரும்."

"அழகு போச்சே. கோழி வாலத் தூக்குனாப்ல இருக்குது."

அரை மணி நேரம் அந்தக் கோழி வாலுக்காகவே சண்டை நடந்தது. நானும் என் பங்குக்கு உறைந்த ஏரியில் காற்று எப்படி வண்டியைத் தூக்கும் என்று விளக்கினேன். ரெஜினா நடுவில் போனை எடுத்து அறிமுக விழாக் காணொளியை ஓடவிட்டாள். மேடையில் நிறுவனத்துக்காரர் பேசிக்கொண்டிருந்தார். இந்தக் காரை வடிவமைத்தது ஒரு இயந்திர அறிவு. கார்களை நேசிப்பவர்கள் இருபது வருடமாக இணையத்தில் எழுதிய பதினோரு லட்சம் பதிவுகளை அது படித்து, அவர்கள் எதற்கு ஏங்குகிறார்களோ அதையெல்லாம் ஒரே வண்டியில் கொண்டுவந்திருக்கிறது. கடைசியாகத் திரையில் ஒரு வரி வந்தது: 'எல்லைக்கு முன்னால் மூச்சு விடும் பெடல்.'

"அண்ணா," என்றாள் ரெஜினா. போனை என் பக்கம் திருப்பினாள். "உங்க பெடலுங்கண்ணா."

"அதெப்புடீங்க முடியும்? பெடலு தானா எளகறதுதானுங்களே, செஞ்சு வெப்பாங்களா?" என்றார் நஞ்சப்பண்ணன்.

"இப்ப பிரேக் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நேரா தொடர்பே கிடையாதுங்கண்ணா," என்றேன் நான். வாய் தானாகப் பேசியது. "நடுவுல வெறும் ஒயருதான். பெடலு கெட்டியா இருக்கணுமா, எளகணுமாங்கறத ஒரு சின்ன மோட்டார்தான் முடிவு பண்ணும். என்ன எழுதிக் குடுக்கறமோ, காலு அத உணரும்."

நான் எழுதிக் கொடுத்ததை இனி உலகம் உணரப் போகிறது. தட்டைத் தள்ளி வைத்தேன்.

மறுநாள் மேகமலை மோட்டார்ஸிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இரண்டு வாரம் கழித்து, பொள்ளாச்சிச் சாலையில் அவர்களுடைய சோதனைத் தடத்துக்கு நாங்கள் மூவரும் வர வேண்டும். ஆளுக்கு மூன்று சுற்று ஓட்டலாம். பெடலை உலகுக்குச் சொன்னவர் என்ற முறையில் முதலில் ஓட்டுவது திரு. அறவாழி.

நல்லவனாக இருந்தால் அன்றே மறுத்திருப்பேன். நான் நாட்காட்டியை எடுத்தேன். கடைசி வலிப்பு பதினொரு நாளுக்கு முன்னால். அடுத்தது வர இன்னும் ஏழு வாரம் இருந்தது. தடம் காலி, எதிரே வண்டி வராது, மூன்று சுற்றுக்கு ஆறு நிமிடம். போனால் நான்தானே போவேன் என்று இரண்டு வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குளிக்கும்போது, பல் விளக்கும்போது, இல்லாத பிரேக்கை வலது கால் மிதித்துப் பார்த்தது. அந்த இரண்டு வாரம் நான் பட்ட சந்தோஷம் எதிரிக்கும் கிடைக்க வேண்டும்.

நாங்கள் போன அன்று காலை வெயில் இன்னும் ஏறவில்லை. வல்லூறு தடத்தின் ஓரத்தில் நின்றது. படத்தில் பார்த்ததைவிடச் சின்னது, என் இடுப்பு உயரம்தான் இருந்தது. நஞ்சப்பண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கோழி வாலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஷபீர் என்னைக் கைபிடித்து உள்ளே இறக்கினான்.

உட்கார்ந்தேன். ஸ்டீரிங்கில் கை வைத்தேன். அதன் தோல் உறை வியர்வையில் நனைந்தது. வலது காலைப் பெடல்மேல் வைத்தேன். நாற்பத்தாறு வயதில் எனக்கு ஓட்டுநர் இருக்கையிலிருந்து சாலை எப்படித் தெரியும் என்று தெரிந்தது. அது இவ்வளவு அகலமாக இருக்குமென்று எந்தக் கையேடும் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது மறுபக்கக் கதவு மேலே எழுந்தது. ரெஜினா தலைக்கவசத்தோடு உள்ளே இறங்கி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள்.

"நீ எதுக்கும்மா?" என்றேன்.

"மொத ரவுண்டு நானும் வர்றனுங்கண்ணா. அந்த மூச்ச நீங்க கேக்கறப்ப உங்க மூஞ்சியப் பாக்கோணும். பதினாலு வருசமா இதத்தானே பேசீட்டிருக்கறோம்."

நான் முன்னால் பார்த்தேன். போனால் நான்தானே போவேன் என்று போட்ட கணக்கு அங்கேயே உடைந்தது. ரெஜினாவுக்கு ஒன்பதாவது படிக்கும் மகள் இருக்கிறாள். சொல்லாமல் ஓட்டலாம், ஆறு நிமிடத்தில் ஒன்றும் ஆகாது, அநேகமாக ஆகாது. அந்த 'அநேகமாக'வை நான் அவளுக்காக முடிவு செய்யக் கூடாது. கையை ஸ்டீரிங்கிலிருந்து எடுத்தேன். எடுக்க எவ்வளவு நேரம் ஆனதென்று எனக்குத் தெரியவில்லை.

"ரெஜினா, எனக்கு வலிப்பு நோய் இருக்குது. சின்ன வயசுலருந்து. நான் ஸ்வீடன் போனதே இல்ல. வண்டி ஓட்டுனதே இல்ல. அந்த பெடலு நானா எழுதுன பொய்யி."

அவள் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். பெல்ட்டைக் கழற்றி வெளியே போய் நின்றாள். திறந்த கதவு வழியாக எல்லாவற்றையும் கேட்டுவிட்ட நஞ்சப்பண்ணன், "ஏனுங்க அறவாழி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவர் வைத்த ஒரே சட்டத்தை நான் பதினான்கு வருடமாக மீறியிருக்கிறேன்.

ஷபீர்தான் என் பக்கம் குனிந்தான். "வலிப்பு எங்களுக்குத் தெரியாது சார், சாரி. ஓட்டினதில்லைங்கறது தெரியும்."

"தெரியுமா?"

"மெஷின் முதல் மாசமே சொல்லிடுச்சு. நெஜமா ஓட்டினவங்க எழுத்துல எப்பவும் ஒரு புலம்பல் இருக்கும் சார். இடுப்பு வலிக்குது, ஏசி ஒழுங்கா இல்ல, கண்ணாடில வெயில் அடிக்குதுன்னு. உங்க பதினாலு வருஷப் பதிவுல ஒரு குறைகூட இல்ல. இவர் ஸ்டீரிங் பிடிச்சதே இல்லன்னு அது கண்டுபிடிச்சிடுச்சு. இன்னிக்குக்கூட முதல் சுத்து முப்பது கிலோமீட்டருக்கு மேல போகாத மாதிரி பூட்டித்தான் வச்சிருந்தோம்."

ஆக நான் உயிரைப் பணயம் வைத்துச் செய்ய நினைத்த சாகசம் சைக்கிள் வேகத்தில் முடிந்திருக்கும். அவமானம் என்றால் அதற்கு ஓர் அளவு வேண்டாமா?

"தெரிஞ்சும் எதுக்குய்யா அத வண்டியில வெச்சீங்க?"

"எது உண்மைன்னு நாங்க மெஷினைக் கேக்கல சார். எதுக்கு ஜனங்க ஏங்கறாங்கன்னு கேட்டோம். உங்க பெடலுக்குக் கெடச்ச மாதிரி பதில் எந்தப் பதிவுக்கும் கெடைக்கல. அனுபவிச்சேன்னு நானூத்துப் பன்னண்டு பேர் எழுதியிருக்காங்களே."

நஞ்சப்பண்ணன் தரையைப் பார்த்தார். ரெஜினா தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

"நானும் பொய்தானுங்க எழுதுனேன்," என்றாள், யாரையும் பார்க்காமல். "திம்பத்துல ஒண்ணும் நடக்கல. ஸ்வீடன்ல ஓட்டுனவரு சொல்றாரு, ரேஸ் ஓட்டற எனக்குத் தெரியலைன்னு எப்புடீங்க எழுதறது? அதுக்கப்பறம் ஏழு வருசம் ஒவ்வொரு வளைவுலயும் தேடிப் பாத்தேன். கெடைக்கல. எனக்கு ஓட்டத் தெரியலையோன்னு ரேஸையே விட்டேன்."

அவள் முதுகு வலியால் பந்தயத்தை விட்டதாகத்தான் நாங்கள் நினைத்திருந்தோம். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"நகருங்கண்ணா," என்றாள். நான் இறங்கினேன். அவள் உட்கார்ந்தாள். ஷபீர் வண்டியை நின்றபடியே சோதிக்கும் முறையில் வைத்து, மூச்சு வரப்போகிறது என்று முன்கூட்டியே சொன்னான். அவள் பிரேக்கை அழுத்தி மிதித்தாள். பெடல் இளகியதும் அவள் பாதம் சட்டென்று மேலே எழுந்து, இரண்டு முறை குத்திவிட்டுத்தான் மறுபடி மிதித்தது.

"வால்பாறை எறக்கத்துல ஒருக்கா பிரேக்கு ஆயில் டியூபு வெடிச்சுப் போச்சு," என்றாள். "பெடலு உள்ள போனா ரெண்டு குத்து குத்தோணும். அன்னிக்குப் பொழச்சது அப்படித்தான். இது எளகும்னு நீங்க சொல்லித்தான் மிதிச்சேன். காலு கேக்கலைங்க."

ஷபீர் கையிலிருந்த திரையைப் பார்த்தான். "ஒண்ணு புள்ளி ஒண்ணு செகண்ட் பிரேக்கே இல்ல," என்றான். பிறகு மெதுவாக, "இருநூத்தி நாப்பதுல போனா எழுபத்து மூணு மீட்டர்" என்றான். எங்கள் நாலு பேருக்கும் அந்தத் தூரம் தடத்தில் எங்கே போய் முடியும் என்று தெரிந்தது. முதல் வளைவின் சுவர் அதைவிடப் பக்கத்தில் இருந்தது.

"உங்க ஆளுங்களுக்கு இது வரலையா?" என்றேன்.

"எங்க டெஸ்ட் டிரைவருங்க எல்லாம் சின்னப் பசங்க சார். பிரேக் ஃபெயிலே ஆகாத வண்டியில ஓட்டக் கத்துக்கிட்டவங்க. அவங்க கால் பயப்படல."

எடுத்துவிட வேண்டும் என்றேன். விளம்பரத்தின் முதல் வரியே அதுதான் என்றான் அவன். சொல்லும்போதே அவன் முடிவு செய்துவிட்டான் என்பது முகத்தில் தெரிந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் எடுத்துவிடலாம், நிர்வாகத்திடம் காட்ட மட்டும் எழுத்தில் வேண்டும் என்று கேட்டான். 'பெடல் பற்றிய என் பதிவு என் அனுபவம் அல்ல. நான் கார் ஓட்டியதில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கீழே நஞ்சப்பண்ணனும் 'என் பதிலும் பொய்' என்று எழுதினார். பதினான்கு வருடத்தில் எங்கள் குழுவில் யாரும் எழுதிய மிகச் சிறிய பதிவுகள் அவைதான்.

மூச்சை அணைத்துவிட்டு ரெஜினா மூன்று சுற்று போனாள். அவள் ஓட்டுவதை நான் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வளைவுக்கு முன்னால் இறக்கை நிமிர்ந்தது, வண்டி தலை தாழ்த்தித் திரும்பியது, அது எங்களைக் கடந்து போன பின்தான் அதன் சத்தம் எங்களுக்கு உறைத்தது. தேடிய ஏழு வருடம் போக, மிச்ச ஏழு வருடமும் இவளை டயர் கடையில் உட்கார வைத்தது நான்.

திரும்பி வந்து கண்ணாடியை இறக்கினாள். "மிதிச்சா நிக்குது. நல்ல வண்டிங்க," என்று ஷபீரிடம் சொன்னாள். பிறகு, "இப்ப அத போடுங்க" என்றாள்.

"எதை மேடம்?"

"அந்த மூச்ச. நேரா இருக்கற எடத்துல, அறுவதுலயே போறேன். செவ்வாக்கெழமை எடுத்துருவீங்க. ஏழு வருசம் தேடுனது, ஒருக்காவாவது என்னான்னு பாத்துட்டுப் போறேன்."

ஷபீர் தயங்கி, வேகத்தைப் பூட்டிவிட்டுச் சம்மதித்தான்.

வண்டி நேர்ப்பாதையின் நடுவுக்குப் போனது. சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த முறை அவள் காலை எடுக்கவில்லை. வண்டி நின்றது. நின்று வெகுநேரம் அசையவில்லை. நஞ்சப்பண்ணன் ஓடத் தயாரானார். பிறகு அது திரும்பி, மெதுவாக எங்களிடம் வந்தது.

ரெஜினா இறங்கிவந்து தடத்தின் ஓரத்துச் சிறு சுவரில் உட்கார்ந்தாள். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்றுதான் இருந்தேன்.

"அது வெறும் பெடலு இல்லீங்கண்ணா," என்றாள். "எளகுச்சுல்ல, அப்ப காலுக்கடியில தரையே இல்லாத மாதிரி ஆச்சு. சத்தமெல்லாம் தள்ளிப் போயிருச்சு. பயமா இல்ல. என்னமோ நடக்கப் போகுது, இப்ப ஒண்ணும் பண்ண முடியாதுன்னு மட்டும் தெரிஞ்சுது. ரொம்ப அமைதியா இருந்துச்சு."

வலிப்பு வருவதற்கு முன்னால் எனக்குச் சில நொடிகள் உண்டு. எப்படி இருக்கும் என்று எத்தனையோ மருத்துவர்கள் கேட்டிருக்கிறார்கள். அக்கா கேட்டிருக்கிறாள். ஒரு தடவைகூட எனக்குச் சொல்ல வந்ததில்லை. ஒரு மழை மதியத்தில் காரைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டு அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

"எவ்வளவு நேரம் இருந்துச்சும்மா?" என்று கேட்டேன்.

"ரெண்டு செகண்டு இருக்குமுங்க."

"எனக்கு மூணு வரைக்கும் இருக்கும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

"அதுக்கப்பறம் என்னாகுமுங்கண்ணா?"

"எனக்குத் தெரியாதும்மா," என்றேன். "பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்."